அணைந்த வைக்கோல் தீ

அந்தத் தீயை அணைத்தது நான்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆம்பூர் மிஷன் பள்ளிக்கூடத்துத் துரைசானியம்மா, பியானோவுக்கும் பறைக்கும் மட்டுமாகப் புதிதாக ஓர் இசை எழுதியிருந்தார். பியானோவுக்கு, வேலூர் விடுதியில் படித்துவிட்டு அந்த ஆம்பூர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த நான். பறைக்கு, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் ஒருவரை அவரே தேடிப் பிடித்திருந்தார். அந்தப் பறைக்காரர் என் கூடப்பிறந்த அண்ணன். நான் அதைச் சொல்லவில்லை. ஒத்திகைகளில் அண்ணனும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கச்சேரியன்று மார்கழிப் பனியில் பறைத்தோல் தொய்ந்திருந்தது. அனலில் காய்ச்சினால்தான் அது பேசும். அண்ணன் கூடத்துக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்திவிட்டுப் பறையை எடுக்கப் போனார். ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்து உட்கார உட்கார எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முகச்சாயல் காட்டிக்கொடுத்துவிடுமே! பறை ஒலிக்காவிட்டால் நான் மட்டும் வாசிக்கலாம். ஒரு குடம் தண்ணீரைத் தீயில் கொட்டினேன். நிமிர்ந்தால் எதிரே பறையோடு அண்ணன்.

"ஏன் தாமதம்?" உள்ளேயிருந்து துரைசானியம்மா கேட்டார்.

"காத்துல தீ அணைஞ்சிடுச்சும்மா. வேற வைக்கோல் போட்டுக் காய்ச்சிக்கினு வர்றேன்" என்றார் அண்ணன்.

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

மேடையில், நான் பிறந்ததிலிருந்து என்னைப் பாப்பா என்றே கூப்பிட்டவர், "ஆரம்பிக்கலாங்களா, டீச்சரம்மா?" என்றார்.

கச்சேரி பிரமாதம் என்று இன்றும் சொல்கிறார்கள். "சரிண்ணா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.

தலையை மட்டும் ஆட்டினேன்.