எந்த இடத்துல விட்டுப்போச்சு?

பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, பக்கத்துத் தெருவிலும் அவரைக் கேள்வி டீச்சர் என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் வகுப்பு அவருடையது. அதை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. வெல்டிங் பட்டறை வைத்திருந்த கணவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் மூச்சுக்கு மூச்சு "புரிஞ்சுதா?" என்று கேட்டவர்தான். பிள்ளைகளும் கூரை அதிர, "புரிஞ்சுது டீச்சர்!" என்பார்கள். ஒருநாள் சந்தேகம் வந்து, "பசுமாடு முட்டை போடும். புரிஞ்சுதா?" என்றார். அதற்கும் கூரை அதிர்ந்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் மேல் அல்ல, அந்தக் கேள்வி மேல். பதிலையும் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பதெல்லாம் ஒரு கேள்வியா? அன்றோடு அதைத் தலைமுழுகிவிட்டு, "எந்த இடத்துல விட்டுப்போச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார். பிள்ளைகள் முதலில் திருதிருவென்று விழித்தார்கள். அப்புறம் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள், ஒரு கழித்தல் கணக்கைத் தாண்ட ஒரு வாரம் ஆனது.

தலைமையாசிரியருக்கு அதுதான் குறை. "கல்வி அதிகாரி பார்வையிட வர்றப்ப ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன் டீச்சர்."

அதிகாரி வந்தார். அவரே பந்தையும் டார்ச்சையும் வைத்து இரவு பகல் எப்படி வருகிறது என்று மடமடவென்று சொல்லி முடித்து, "புரிஞ்சுதா?" என்றார். ஒரு சத்தமும் இல்லை. 'சொல்லச் சொல்லுங்கள்' என்று தலைமையாசிரியர் கண்ணாலேயே கெஞ்சினார். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வகுப்பு கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்தேதான் நின்றார்.

முன்வரிசையில் பல் விழுந்த சிறுமி எழுந்தாள். "பூமி சுத்துதுன்னா நமக்கு ஏன் தலை சுத்தல? அந்த இடத்துல விட்டுப்போச்சு சார்."

"அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும், உக்காரு," என்று அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சாயங்காலம் தலைமையாசிரியர் வெடித்தார். "'புரிஞ்சுது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு நிமிஷம் போதும் சார். அதை மறக்கடிக்கத்தான் வருஷம் முழுக்க ஆகுது."

"அப்போ நாளையிலேர்ந்து ஆபீஸ்ல உக்காந்து சீல் குத்துங்க."

டீச்சர் வீட்டுக்குப் போய் அழுதார். கணவர், "போய் ஒரு மன்னிப்புக் கேட்டுடேன்," என்றார். "எதுக்கு?" என்று டீச்சர் திருப்பிக் கேட்டார்.

ஆபீஸுக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். மறுநாள் புது வாத்தியார் கணக்கை விறுவிறுவென்று போட்டு முடித்து, "புரிஞ்சுதா?" என்பது நன்றாகவே கேட்டது. டீச்சரின் கையில் சீல் அந்தரத்தில் நின்றது. குழந்தைகள்தானே, நேற்றோடு பயந்திருப்பார்கள். இப்போது கூரை அதிரப்போகிறது.

அதிரவில்லை. பல் விழுந்த குரல் ஒன்று கேட்டது: "எந்த இடத்துல விட்டுப்போச்சுன்னு கேளுங்க சார், சொல்றோம்."

எதிர் மேசையிலிருந்து தலைமையாசிரியர் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

"என்னைப் பாக்காதீங்க சார். நான் இங்கதான இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, டீச்சர் சீலை ஓங்கிக் குத்தினார்.