மகாராஜா எங்கள் வீட்டில் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

குஸ்தி மேடையில் ஓர் ஆள் மல்லாந்து விழும்போது ‘டொம்’ என்று ஒரு சத்தம் வரும். கித்தானுக்கு அடியில் இருக்கும் பலகைகள் போடும் அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து இடித்துவிட்டுத்தான் அடங்கும். எண்பதுகளின் நடுவில், டெக்சாஸில் நாங்கள் குடியிருந்த சின்ன நகரத்தில், மற்ற நாட்களில் மாடுகளை ஏலம் விடும் தகரக் கொட்டகையில் வெள்ளிக்கிழமை தோறும் குஸ்தி நடக்கும். சாண நெடியும் சோளப்பொரியின் வெண்ணெய் வாசனையும் சுருட்டுப் புகையும் உடுப்பில் ஏறிக்கொள்ளும் என்பதால், எப்போதாவது போய்த் திரும்பி வந்ததும் அப்பாவையும் என்னையும் அம்மா கராஜிலேயே நிறுத்தி வைத்து, ‘மாட்டுக் கொட்டாய்த் துணி’ என்று அவற்றைத் தனியாகத் துவைக்கப் போடுவாள்.

அன்றைக்கு அமெரிக்காவில் வட்டாரத்துக்கு ஒரு குஸ்திக் கம்பெனி இருந்தது. அதற்கென்று ஒரு நல்லவன், அவனைக் குறுக்கு வழியில் வீழ்த்த வெளியூரிலிருந்து வந்துகொண்டே இருக்கும் கெட்டவர்கள், வெள்ளிக்கிழமை நடந்ததைச் சனிக்கிழமை மாலை காட்ட உள்ளூர் டிவியில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் சமாசாரம். எங்கள் ஊர் நல்லவனுக்குத் தோள் வரை பொன்னிறத் தலைமுடி. வீட்டில் நாங்கள் ‘தங்கமுடி’ என்றே சொல்வோம். எண்ணெய்க் கிணறுகளுக்குப் பம்பு செய்யும் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து, எந்தக் குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடும் என் அப்பா, தங்கமுடி வாங்கிய அடிகள் அத்தனையும் நிஜம் என்று நம்பினார். படித்தவர்கள் ஏமாறுவதற்கென்றே ஒரு தனித் திறமை வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

அப்பாவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கு வந்த நம்மவர்கள் பலருக்கும் இருந்த பழக்கம்தான். புது டெலிபோன் டைரக்டரி வந்தால், அதில் ‘நாதன்’ என்றோ ‘ராவ்’ என்றோ முடியும் பெயர் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று விரலை ஓட்டித் தேடுவார்; இருந்தால் உடனே போன் பண்ணி, முன்பின் தெரியாத அந்த ஆளை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிடுவார். அப்படி வந்தவர்களில் தெலுங்கர், வங்காளி, ஒரு முறை பாகிஸ்தானியரும் உண்டு. அம்மா முகம் சுளிக்காமல் சாம்பாரைக் கூட்டி வைப்பாள்.

அம்மா நகரப் பொது நூலகத்தில் வேலை பார்த்தாள். புடவையை விட்டு பேன்ட் சட்டைக்கு மாறியவள், நெற்றியை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. சின்னதாகக் குங்குமம், அதற்கு மேலே ஒரு கீற்று பழநி விபூதி. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அப்படித்தான் போனாள். அது என்ன என்று கேட்ட குழந்தைகளுக்கு, எங்கள் சாமி வீட்டுச் சாம்பல், வைத்துக்கொண்டால் பயம் வராது என்று சொல்வாள். ஒன்றிரண்டு குழந்தைகள் தங்களுக்கும் வேண்டும் என்று நெற்றியைக் காட்டியதுண்டு. அந்த ஊரில் அம்மாவுக்குச் சொந்தமென்று ஏதாவது இருந்தது என்றால், அது அந்த நூலக மேஜையும் அதற்குப் பின்னால் அவள் அவளாகவே உட்கார்ந்திருந்த அந்த நிலையும்தான்.

ஒரு சனிக்கிழமை, டிவியில் தலைப்பாகையோடு ஒருவர் வந்தார். கல்கத்தாவிலிருந்து வந்த மகாராஜா என்று அறிவித்தார்கள். மீசையை முறுக்கி, கூட்டத்தைப் பார்த்துக் காறித் துப்பினார். நான் வெட்கத்தில் சோபாவுக்குள் புதைந்தேன். அப்பாவோ எழுந்து உட்கார்ந்தார்.

“நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் மோட்டல்ல ரொட்டியக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கான். கூப்ட்டு ஒரு வேளை சோறு போட வேணாமா?”

மறுவாரமே கொட்டகை ஆபீசுக்குப் போய் அழைப்பைச் சொல்லிவிட்டு வந்தார். கம்பெனி முதலாளி விழுந்து விழுந்து சிரித்தாராம், கட்டாயம் அனுப்பி வைக்கிறேன் என்றாராம். நல்ல மனுஷன் என்று அப்பா வீடு வந்தும் மெச்சிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகாராஜா தலைப்பாகையோடேயே வந்தார். குஸ்திக்காரர்கள் மேடையில் போட்ட வேஷத்தை ஊருக்குள் எங்கேயும் கலைக்கக்கூடாது, நல்லவனும் கெட்டவனும் ஒரு மேஜையில் உட்கார்ந்து காப்பி குடிப்பதைக்கூட யாரும் பார்த்துவிடக்கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம் என்று பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. சாம்பார் சாதத்தில் கையை வைத்தவர், பிசையவும் தெரியாமல் எடுக்கவும் தெரியாமல் தவித்தார். அம்மா ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து தட்டோரம் வைத்தாள். அப்பா பம்பாயில் கொஞ்ச காலம் கற்ற ஹிந்தியை எடுத்து விட, அவர் ஏதோ ஒரு பாஷையில் இரண்டு வார்த்தை பதில் சொன்னார். அது ஸ்பானிஷ் என்று இன்றைக்குச் சத்தியம் செய்வேன். பிறகு நான் சந்தேகமாகக் கேட்டதற்கு, அது பஞ்சாபியாக இருக்கும், வடக்கத்திக்காரன் வேறு எப்படிப் பேசுவான் என்று அப்பா முடித்துவிட்டார். மெட்ராஸைத் தாண்டினால் எல்லாமே வடக்கு என்று நினைப்பவர்களிடம் யார் வேண்டுமானாலும் மகாராஜா ஆகலாம்.

ரசத்தின் காரத்தில் அவருக்கு வியர்த்து, துடைத்தபோது தலைப்பாகை மேலேறியது. நெற்றி முழுக்கக் கோடு கோடாகத் தழும்புகள். ரத்தம் வந்தால்தான் கூட்டம் நம்பும் என்று குஸ்திக்காரர்கள் பிளேடு துண்டால் தங்கள் நெற்றியைத் தாங்களே கீறிக்கொள்வார்கள் என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கிளம்பும்போது, அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து, அதில் விபூதியை மடித்துக் கையில் கொடுத்து, மேடையேறும் முன் நெற்றியில் கொஞ்சம் இட்டுக்கொள்ளுங்கள், அடி படாது என்று தன் இங்கிலீஷில் சொன்னாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதை மட்டும் சரியாகச் செய்தார்.

தெருமுனையில் ஒரு கார் அவருக்காக நின்றது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஸ்டியரிங்கில் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் தங்கமுடி. மகாராஜா பொட்டலத்தைப் பிரித்துக் காட்ட, அவன் குனிந்து மோந்து பார்த்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கீழே ஓடிப்போய்ச் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை டிவியில், தங்கமுடி ஜெயிக்கிற நேரத்தில், மகாராஜா இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தாளில் எழுத்து தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தேதியின் பெரிய சிவப்பு எண் தெரிந்தது. நெற்றியில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்துவிட்டு, மிச்சத்தை அள்ளித் தங்கமுடியின் கண்ணில் வீசினார். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உருண்டான். இந்தியச் சூனியக்காரர்களின் விஷச் சாம்பல், பார்வை போய்விட்டது என்று அறிவிப்பாளர் அலறினார். முன்வரிசையில் ஒரு கிழவி அழுதாள். எங்கள் வீட்டில் அப்பா டிவியை அணைத்தார். அம்மா சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களைத் திரும்பக் கழுவினாள்.

இன்று நினைத்தால் சிரிப்பு வர வேண்டிய கதை. எனக்கு இதுவரை வந்ததில்லை. தங்கமுடி கண்ணில் கட்டோடு வாராவாரம் டிவியில் வந்து, எனக்காக ஜெபியுங்கள் என்றான். சர்ச்சுகளில் ஜெபித்தார்கள். என் வகுப்பு டீச்சர், அவன் சீக்கிரம் குணமாக வேண்டி ஆளுக்கொரு கார்டு எழுதச் சொன்னாள். நானும் எழுதினேன், பூப்போட்டு. அதற்கு முன்பே பையன்கள் கரும்பலகை டஸ்டரை என் தலையில் தட்டிவிட்டு, கண்ணைப் பொத்திக்கொண்டு தள்ளாடிக் காட்டுவதை விளையாட்டாகவே ஆக்கியிருந்தார்கள். அவன் காரில் சிரித்ததைப் பார்த்தேன் என்று ஒருத்தியிடம் சொன்னதற்கு, உங்கள் ஆட்கள் பொய்தான் சொல்வீர்கள் என்றாள்.

நூலகத்தில் நடந்ததை அம்மா துண்டு துண்டாகத்தான் சொன்னாள். புத்தகம் திருப்ப வந்தவர்கள் தூரத்திலிருந்தே நீட்டினார்கள். சிலர் கையை முகத்துக்குக் குறுக்கே வைத்து, எங்கள் மேல் வீசிவிடாதே என்று தமாஷ் பண்ணினார்கள். வாராவாரம் துப்பறியும் நாவல் எடுத்துப்போகும் ஒரு பெண்மணி, அம்மா எடுத்து வைத்திருந்த புத்தகத்தை வாங்காமலே போனாள். கடைசியில் மேலதிகாரி கூப்பிட்டு, மிக மரியாதையாக, இந்தப் பேச்சு அடங்கும் வரைக்கும் அந்தப் பவுடரை வேலைக்கு வரும்போது மட்டும் தவிர்க்க முடியுமா என்று கேட்டாராம். அம்மா சரி என்றாள். மறுநாள் காலை பூஜை முடித்து, நெற்றியை அலம்பிக்கொண்டு காரில் ஏறினாள்.

அப்பா கொட்டகை ஆபீசுக்குப் போன் பண்ணி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கோபமெல்லாம் தீரும் வரை பேசினார். மறுமுனையில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், சார், இந்த வெள்ளிக்கிழமைக்கு எத்தனை டிக்கெட் வேணும் என்றான். கொட்டகை அந்த சீசன் முழுக்க நிரம்பி வழிந்தது. கட்டு அவிழ்க்கும் நாள் வந்து, தங்கமுடிக்குப் பார்வை திரும்பி, அவன் மகாராஜாவைப் புரட்டி எடுத்து ஊரை விட்டுத் துரத்தினான். பேச்சு அடங்கியது. அம்மாவிடம் மட்டும், இனி நீ பழையபடி வரலாம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த டைரக்டரி வந்தபோது அப்பா அதை உறையைக்கூடப் பிரிக்காமல் போன் மேஜைக்கு அடியில் தள்ளினார்.

அந்தக் கம்பெனியைப் பெரிய கம்பெனி விழுங்கிவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. தங்கமுடியும் இல்லை, என் அப்பாவும் இல்லை. நான் கலிபோர்னியாவில் டப்ளினில் இருக்கிறேன், அம்மா என்னோடு. இங்கே தெருவுக்குப் பாதி நம்மவர்கள். கோயிலிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு நேராகக் கடைக்குப் போகிறார்கள், ஆபீஸ் மீட்டிங்கில் உட்காருகிறார்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அம்மா சன்னதியில் வாங்கி இட்டுக்கொள்வாள். செருப்பு விட்ட இடத்துக்கு வருவதற்குள் டிஷ்யூவால் அழுத்தித் துடைத்துவிடுவாள். இதற்கெல்லாம் அந்த மகாராஜாதான் காரணம் என்று இத்தனை காலமும் அவனைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழைய வட்டாரக் குஸ்திகளைத் தேடிப்பிடித்துக் கொண்டாட இணையத்தில் இன்று ஒரு கூட்டம் இருக்கிறது. ‘பொற்காலம்’ என்று எழுதுகிறார்கள். யாருக்கு என்று கேட்கத் தோன்றும். போன மாதம் என் மகன், “அம்மா, யூ ஹாவ் டு ஸீ திஸ்” என்று ஐபேடைச் சமையலறைக்குக் கொண்டுவந்தான். மகாராஜா பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை இல்லை, வழுக்கை. மெக்சிகோ எல்லைப்புற டெக்சாஸ்காரராம், பேச்சிலேயே தெரிந்தது. தன் வாழ்நாளில் கூட்டத்தின் வெறுப்பை அவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது ஓர் இந்தியக் குடும்பம் கொடுத்த பொட்டலம்தான் என்றார். ஐந்தே நிமிஷத்தில் நான் இந்தியன் இல்லை என்று அந்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கொடுத்தாள் என்றார். பேட்டி எடுத்தவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

அம்மா என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதைத் திரும்பியபோதுதான் பார்த்தேன்.

“உனக்கு அப்பவே தெரியுமாம்மா?”

“ஸ்பூன் வெச்சதே நான்தானேடி. எந்த ஊர்க்காரனா இருந்தா என்ன, நெத்தி பூரா அத்தனை கீறல். மனசு கேக்கல.”

அவன் மேல் உனக்குக் கோபமே இல்லையா என்று கேட்டேன். அம்மா என் கையிலிருந்த ஐபேடை வாங்கி மகனிடம் கொடுத்து, சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.

“அவனுக்கு அது பொழப்பு. என்னை ஒரு மணி நேரம் பாத்தவன். லைப்ரரில இருந்தவங்க அப்படியா? அவங்க குழந்தைங்களுக்கு எத்தனை வருஷமா நான் கதை படிச்சுக் காட்டினேன்.”