ஆகாயத்தில் சுருட்டு வாசம்

பேய், சாமியாட்டம், இதிலெல்லாம் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் கூடினால் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவன், எனக்கு எதற்குக் கதை கட்டுகிற வேலை? நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்தேன். முதலாளி அண்ணாச்சியோடு சரக்கெடுக்க மெட்ராஸ் போயிருந்தேன். மறுநாள் எங்கள் ஊர்ச் சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா, அந்த வருஷம் சுருட்டுப் படையல் அண்ணாச்சியுடையது. படையல் சுருட்டை வாங்கின கட்டோடு கொண்டுபோய்ப் பீடத்தில்தான் அவிழ்க்க வேண்டும், நடுவில் மோந்துகூடப் பார்க்கக் கூடாது. ரயிலைத் தவறவிட்டதால் அண்ணாச்சி தூத்துக்குடி விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். றெக்கைக்கு ஒன்றாக ரெண்டு காற்றாடி வைத்த சின்ன விமானம். சுருட்டுக் கட்டு என் மடியில்.

கொற்கைப் பக்கம் வந்துவிட்டோம், கீழே ஆறு வெள்ளிக்கம்பி மாதிரி தெரிகிறது, அப்போது வலது எஞ்சின் இருமியது. ஒரு குலுக்கல், காற்றாடி பைய நின்றே போய்விட்டது. விமானம் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டோம், இன்னொன்றை வைத்து இறங்கிவிடலாம், பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பைலட் சொன்னார். தாடை ஆடிய ஆட்டத்தில் அண்ணாச்சி பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"லே முத்தையா, மாடனைக் கூப்பிடுலே!"

"நீங்க கூப்பிடுங்க அண்ணாச்சி, படையல் உங்களதுல்லா?"

"பல்லு இல்லாம வார்த்தை வழுக்குதுலே!"

வேறு வழி? கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தேன். "ஏ மாடா, உன் சுருட்டு எங்கிட்டதான் இருக்கு. நான் விழுந்தா உனக்கும் கிடையாது, பாத்துக்க."

வாயை மூடவில்லை, குப்பென்று சுருட்டு வாசம். வலது றெக்கைக்கு யாரோ தோள் கொடுத்த மாதிரி விமானம் நிமிர்ந்தது.

"யாருங்க சுருட்டு குடிக்கிறது? அணைங்க முதல்ல!" என்று பணிப்பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். விமானமே திரும்பி என் மடியைப் பார்த்தது. அந்தக் கூச்சத்துக்கு விழுந்திருந்தாலே தேவலை என்று இருந்தது.

வாகைக்குளம் விமான நிலையத்தில் பூப்போல இறங்கினோம். பைலட் கெட்டிக்காரர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் கொடையில் அண்ணாச்சி கட்டை அவிழ்த்தார். கடைக்காரர் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. உள்ளே, நட்டநடுவில், ஒரு சுருட்டு மட்டும் பாதி எரிந்து கிடந்தது. பக்கத்துச் சுருட்டுகளில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

"நீ பத்த வச்சியாலே?"

"முடிச்சைப் பாருங்க அண்ணாச்சி."

பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "இறங்குறவரைக்கும் பொறுக்கல பாத்தியா அவருக்கு! மிச்சத்தை நீயே வச்சுக்கலே, உங்கிட்டதான பேசி முடிச்சிருக்காரு."

நானும் சிரித்தேன், கடித்த முனையைப் பார்க்கும்வரை. ஒரே ஒரு பல் தடம், கோரைப்பல் மாதிரி. மேலே குத்திக் கீழே வந்திருந்தது, ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது. விமானத்தில் அண்ணாச்சியின் பல் சட்டைப்பையில் இருந்தது, நான் பீடிகூடத் தொடாதவன்.

அந்தப் பாதிச் சுருட்டு இன்றைக்கும் என் தகரப்பெட்டியில் இருக்கிறது. நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனால் கடித்த அந்த முனையில் எச்சில் ஈரம் மட்டும் இத்தனை வருஷமாகியும் இன்னும் காயவில்லை.