பலகைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு

போன வாரம் ஒரு கையெழுத்துக்காகப் போடியில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நான் போன நேரம், 'உணவு இடைவேளை' என்று அட்டையைத் தொங்கவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே டிபன் பாக்ஸ் மூடிகள் திறக்கிற சத்தம் கேட்டது, எலுமிச்சைச் சாதமும் கருவாட்டுக் குழம்பும் சேர்ந்து மணத்தன. பிறகு உள்ளிருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சிரிப்புச் சிரித்தார்கள் பாருங்கள், எனக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. பசியில்லை, நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். பொறாமை. இந்த வயதில் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளிலேயே என்னைப் பிடித்த வியாதி இது.

அப்போது நான் போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் லைப்ரரியன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடி விரிசல் விட்ட சில பீரோக்கள், ஒரு நீள மேசை, 'அமைதி' என்று எழுதிய பலகை, அப்புறம் நான். பக்கத்தில் ஏலக்காய் ஸ்டோர். மலையிலிருந்து காய் இறங்குகிற மாதங்களில் பூகோளப் புத்தகத்தைத் திறந்தால்கூட ஏலக்காய் வாசம் அடிக்கும். ஆனால் மத்தியானத்தில் அந்த வாசம் தோற்றுப்போகும். லைப்ரரிக்கும் ஆசிரியர்கள் அறைக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஆளுயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்புதான். அதற்கு மேல் திறந்து கிடக்கும். யார் வீட்டில் புளிக்குழம்பு, யார் வீட்டில் பழைய குழம்பைச் சுட வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பையன்கள் படிக்க வருவது சோற்று நேரத்தில்தான் என்பதால் அப்போது லைப்ரரி திறந்திருக்க வேண்டும் என்பது ஹெட்மாஸ்டர் உத்தரவு. மணியடித்து எல்லோரும் வகுப்புக்குப் போனபிறகு, ஆறிப்போன சோற்றை நான் ஒண்டியாகத் தின்பேன்.

ஒண்டியாகத் தின்பதுகூடப் பரவாயில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் சபாபதி இருந்தானே, அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. சபாபதி டிரில் மாஸ்டர், திண்டுக்கல் பக்கத்துக்காரன். நானும் அவனும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். காலையில் சோறு வடிப்பது நான், குழம்பு அவன். ஒரே சட்டியில் வெந்ததை அவன் கூட்டத்தோடு தின்றான், நான் பீரோவைப் பார்த்துக்கொண்டு தின்றேன்.

அந்த வருஷம் சயன்ஸ் வாத்தியாராகத் தாமஸ் வந்து சேர்ந்தார். போடிமெட்டுக்கு மேலே ஏதோ எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையின் மகன். திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்கும்போது அவித்த மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும் கொண்டுவருவார். அன்றைக்கு அந்தப் பக்கம் திருவிழாதான். ஒரு ராத்திரி நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டுச் சபாபதி, "கொள்ளாம்" என்றான்.

"என்னடா கொள்ளாம்?"

"மலையாளத்துல நல்லாருக்குன்னு அர்த்தம் மாப்ளே. தாமசு சார் அப்பிடித்தேன் சொல்லுவாரு."

அந்த ஒரு சொல் எனக்குக் கொள்ளவே இல்லை. என் ரசத்துக்குள் தாமஸ் ஏன் வர வேண்டும்?

மறுநாளிலிருந்து சபாபதியை என் பக்கம் இழுக்கத் தீர்மானித்தேன். சாயங்காலம் கொட்டகுடி ஆற்றுப் பக்கம் நடக்கப் போவோம். அவனுக்காகவே கதைகளைத் தேடி எடுத்துச் சொன்னேன். பக்கத்தில் தேவாரம் என்கிற ஊரில் என் சித்தப்பா சோளக் காட்டுக்குக் காவல் இருந்தார். ஒருநாள் பயிருக்குள் சலசலப்புக் கேட்டு, யானை என்று நினைத்துத் தகரத்தைப் போட்டு அடித்திருக்கிறார். வந்தது சோறு கொண்டுவந்த அவருடைய மாமியார். 'அன்னைக்கிலிருந்து ஆனையும் வரல, மாமியாரும் வரல' என்று சித்தப்பா சந்தோஷமாகச் சொல்லுவார். நான் இதை எவ்வளவோ அபிநயத்தோடு சொல்லி முடித்தேன். சபாபதி, "ம்" என்றான். எந்தக் கதைக்கும் அதே "ம்"தான். மத்தியானம் மட்டும் பலகைக்கு அந்தப் பக்கம் டங் டங்கென்று எதையோ தட்டுவார்கள், ஓடு பறக்கிற மாதிரி சிரிப்பார்கள். பேச்சு மட்டும் பையன்களின் இரைச்சலில் எனக்கு விளங்காது.

"மத்தியானம் என்னடா அவ்வளவு சிரிப்பு?"

"ஒன்னுமில்ல மாப்ளே. சும்மா பேச்சு."

கடைசியில், பையன்கள் குழம்புக் கையோடு வந்து புத்தகத்தைப் பாழாக்குகிறார்கள் என்று ஹெட்மாஸ்டரிடம் புகார் வைத்தேன். சோற்று நேரத்தில் லைப்ரரியைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை மிடுக்கோடு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் போனேன். இடம் விட்டார்கள், கிழங்கு வைத்தார்கள், மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது. மோர் வேண்டும் என்பதைக்கூட ஒருவர் காதோடு காதாகக் கேட்டார். கை கழுவ நான் வெளியே போனதும் உள்ளே சிரிப்பு வெடித்தது. அமைதிப் பலகையை நான் முகத்திலேயே மாட்டிக்கொண்டு திரிகிறேனோ என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முடிவதற்குள் லைப்ரரியை மறுபடி திறந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துத் தாமஸ் புத்தகம் எடுக்க வந்தார்.

"ஒங்க சித்தப்பா சௌக்கியமா சார்?"

"எந்தச் சித்தப்பா?"

"அதான் சார், யானைன்னு மாமியார வெரட்டுனவரு. சபாபதி சார் கேரியர் மூடியத் தட்டிக்கிட்டே சொல்லுவாரு பாருங்க, சோறு எறங்காது! எல்லாம் ஒங்க சரக்குதான. நீங்க வந்து ஒக்காந்ததும் அவருக்கு வாயே வரல. சரக்குக்காரர எதிர்ல வச்சிக்கிட்டு எப்பிடிச் சொல்றது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு சார். சாயங்காலமெல்லாம் அவரு ஒங்ககூடத்தான். எங்களுக்குச் சோத்து நேரம் மட்டுந்தான்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ இன்னும் எரிந்தது. என் கதை, என் சித்தப்பா. நான் சொன்னால் "ம்", அவன் சொன்னால் ஓடு பறக்கிறதா? மறுநாள் மத்தியானம் வெட்கத்தை விட்டுப் பலகையில் காதை வைத்தேன். யாரோ கேட்டார்கள் போலிருக்கிறது, மறுபடி சித்தப்பா கதைதான். மூடி டங் டங்கென்றது. மாமியார் சோற்றுப் பானையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடிக்கொண்டே, "மாப்ள, நாந்தேன்! நான் ஆன இல்ல மாப்ள!" என்று கத்தினாள்.

என் கதையில் அது கிடையாது. அடக்க முடியாமல் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். லைப்ரரியில் இருந்த பையன்கள் எல்லோரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் கப்பென்று அடங்கியது. பிறகு சபாபதியின் குரல் மெதுவாக வந்தது.

"மாப்ளே... கேட்டுட்டியா?"

"மாமியா அப்பிடிக் கத்தலடா!"

"கத்திருக்கணும்ல!"

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்ந்து சிரித்தோம். அதன்பிறகு எனக்குச் சிரிப்பில் பங்கு கிடைத்தது. பலகைக்கு இந்தப் பக்கமிருந்து நான் அடியெடுத்துக் கொடுப்பேன், அவன் பிடித்துக்கொள்வான். பையன்கள் படிப்பதை விட்டுவிட்டுக் கதை கேட்டார்கள்.

இப்போது அந்தப் பலகை இல்லை, கூரை வரைக்கும் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஏலக்காய் ஸ்டோர் கல்யாண மண்டபமாகிவிட்டது. சபாபதி மாற்றலாகிப் போனான், அப்புறம் ஒரேயடியாகவும் போய்விட்டான். தாமஸும் போய்ச் சேர்ந்துவிட்டார். சித்தப்பா கதையை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "நான் ஆன இல்ல மாப்ள" என்று கத்தியும் காட்டினேன். மருமகள், "ம்" என்றாள். அந்தக் கதைக்குச் சிரித்த சோற்றுக் கூட்டத்தில் இங்கே பாக்கி நான் ஒருவன்தான். எல்லோரும் எனக்கு முன்னால் போய் ஒன்றாக உட்கார்ந்துவிட்டார்கள், எனக்குத்தான் இன்னும் மணி அடிக்கவில்லை. அதிலும் எனக்குப் பொறாமைதான்.