சாவு விழுந்தால் ஊருக்குள் வரலாம்

புத்தியோலி துறைமுகத்தில் பிணம் கழுவுகிறவர்கள் ஊருக்குள் குடியிருக்கக் கூடாது. எல்லைக் கோபுரத்துக்கு வெளியே, கல்லறைகளை ஒட்டித்தான் அவர்களுடைய குடிசைகள். யாராவது செத்தால் ஆள் வந்து கூப்பிடும். அப்போது மட்டும், பார்க்கிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள அடையாளமாகச் சாயக் குல்லாயைத் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம்.

ஹெல்பிஸ் அந்தக் குல்லாயைப் பதினொரு வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறாள். அடிமையாகப் பிறந்தவள். எஜமானி சாகும்போது இவளுக்கு விடுதலை எழுதிவைத்தாள். அதற்கு முன்பே பிறந்துவிட்ட மகள் அம்மியாவை எழுத மறந்துவிட்டாள். மீன்சாறு வியாபாரி கவியஸ் அம்மியாவை வாங்கிக்கொண்டு போனார். ஹெல்பிஸுக்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. ஆக, சாவு விழுந்தால்தான் மகள் முகத்தைப் பார்க்கலாம் என்றாகிவிட்டது. கவியஸின் தெருவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் உள்ளே ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். அதை நினைத்து அவளுக்கே தன்மேல் அருவருப்பு வரும். ஒரு இடத்தில் உட்கார முடியாது.

அன்று காலையில் கவியஸே செத்துப்போனார்.

மண்டை உடைந்து படிக்கட்டின் அடியில் கிடந்தாராம். அடிமைகள் அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று அவருடைய அக்கா மகன் லூரியஸ் அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருந்தான். எஜமானை அடிமை கொன்றால் அந்தக் கூரையின் கீழிருந்த அடிமைகள் அத்தனை பேருக்கும் சாவுதான். செய்தவன் யாரென்று பிரித்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. பதினான்கு பேரையும் மீன்சாறு ஜாடிகள் அடுக்கும் ஜாடி அறையில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். அம்மியாவும் அதற்குள் இருந்தாள். பிணம் கழுவ வந்த ஹெல்பிஸ் முதலில் அந்தக் கதவருகேதான் போனாள்.

"அம்மா, நீதான? நாத்தத்துலயே தெரிஞ்சுது" என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல்.

"கத்தாதடி. யாரு பண்ணுனா?"

"யாருக்குத் தெரியும்? நாங்க பின்கட்டுல கெடந்தோம். கொன்னுடுவாங்களாம்மா?"

"வாய மூடு."

"ஏய் குல்லா," என்றான் காவல்காரன், "பொணம் அந்தப் பக்கம்."

கூடத்தில் துணி போர்த்திய உடல் கிடந்தது. அதிகாரி வெரானியஸ் முக்காலியில் உட்கார்ந்து ஆலிவ் பழம் தின்றுகொண்டிருந்தார். லூரியஸ் தூணைப் பிடித்தபடி நின்றான்.

"விடிஞ்சப்புறம்தாங்க வந்தேன். வாசல்லேர்ந்தே பாத்தேன், வெறைச்சுக் கெடந்தாரு. கிட்டகூடப் போகல. நேரா உங்ககிட்டதான் ஓடியாந்தேன். உங்க ஆளுங்கதான் துணி போட்டாங்க."

ஹெல்பிஸ் துணியின் முனையைத் தூக்கிப் பார்த்தாள். தாடை தொங்கியிருந்தது, கை மடங்கி விறைத்திருந்தது. கண்கள் மட்டும் அழுத்தி மூடியிருந்தன. தனியே விழுந்து செத்தவர்கள் எத்தனையோ பேரை அவள் கழுவியிருக்கிறாள். அவர்களுடைய கண் அரைகுறையாகத் திறந்தே கிடக்கும். இவருடைய கண்ணை, உடம்பில் சூடு இருக்கும்போதே யாரோ மூடியிருக்கிறார்கள். சாகிறவரின் கண்ணை மூடுவது இரத்த சொந்தத்தின் கடமை. எந்த அடிமையும் எஜமானின் முகத்தைத் தொடமாட்டான். கவியஸுக்குச் சொந்தம் என்று இருந்தது லூரியஸ் ஒருவன்தான். பழக்கத்தில் அவன் கை தன்னால் செய்திருக்கும்.

இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? பிணம் கழுவுகிறவளின் சொல் எந்த விசாரணையிலும் எடுபடாது. துணியைப் பழையபடி போர்த்திவிட்டாள்.

"ஐயா, கண்ணு ரெண்டும் முழிச்சுக்கிட்டுக் கெடக்கு. அத நான் மூடக் கூடாது. சொந்தக்காரங்க வந்து மூடிவிடுங்க. இப்படியே எரிச்சா மனுசன் சும்மா விடமாட்டாரு."

லூரியஸின் முகம் வெளுத்தது. "பொய் சொல்றா! நல்லா அழுத்தித்தான மூடுனேன்!"

வெரானியஸ் மெல்லுவதை நிறுத்தினார். "கிட்டயே போகலன்னியே தம்பி. எப்ப மூடுன?"

லூரியஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அவராத்தாங்க விழுந்தாரு. மேல சண்ட நடந்துச்சு, வாஸ்தவந்தான். நான் கை வைக்கல. மூச்சு நின்னதும் அவரு கண்ண மூடிவிட்டுட்டு ஓடிட்டேன். எம்மேல பழி வந்துருமோன்னு..."

"அதுக்குப் பதினாலு உசுரா? நல்ல பயம்யா உனக்கு."

வெரானியஸ் எழுந்து வந்து துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு ஹெல்பிஸைப் பார்த்தார். "பொய்க்காரி."

"ஆமாங்கய்யா."

ஜாடி அறையைத் திறந்துவிட்டார்கள். அம்மியா ஓடி வந்தாள். "தொடாத, கையெல்லாம் தீட்டு" என்று ஹெல்பிஸ் பின்வாங்கினாள். மகள் கேட்கவில்லை, கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக ஹெல்பிஸ் அதிகாரியிடம் கேட்டாள்.

"ஐயா, இவங்களுக்கெல்லாம் இனி யாரு எஜமான்?"

"உயிலத் தொறந்தாத்தான் தெரியும். வேற சொந்தம் இல்ல, இவன் பேருதான் இருக்கும்."

"இவங்களக் கொல்லப் பாத்தவனுக்கேவா?"

"மாமன் தானா விழுந்தார்னா இவன் வாரிசு. தள்ளிவிட்டான்னு தெரிஞ்சா இவனுக்கு ஒண்ணும் கெடையாது. அதுக்கு என்ன அத்தாட்சி இருக்கு?"

ஹெல்பிஸ் மகளை விலக்கிவிட்டுப் பிணத்திடம் போனாள். மேலாடையை அவிழ்த்து மார்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு உடலை வெளிச்சத்தின் பக்கமாகப் புரட்டி, முதுகில் தள்ளிவிட்ட இரண்டு உள்ளங்கைகளின் கன்றலைத் தேடத் தொடங்கினாள். ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டு, இன்னும் குனிந்து, மறுபடியும் தோளிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.