கிணற்றடியில் போட்ட இலை

இரண்டு வருடங்களுக்கு முன், திருச்சியில் நான் நூலகராக வேலை பார்க்கும் கல்லூரியில் நடந்தது இது. கல்லூரியின் பெயர் வேண்டாம். எங்களுக்கும் ஊரின் இன்னொரு பழைய கல்லூரிக்கும் கால்பந்தில் நூறு வருடமாக ஆகாது. தோற்றவர்கள் ஒரு வாரம் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். ஆனால் ஒரு வழக்கம் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. எங்கள் மைதானத்துக்கு ஆட வரும் அணிக்கு, ஜெயித்தாலும் தோற்றாலும், எங்கள் ஹாஸ்டலில் இலை போட்டுச் சாப்பாடு. அதில் எங்களுக்குப் பெருமையான பெருமை.

அந்த வருடம் போட்டியன்று, பழைய ஆட்டங்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கச் சொன்னார்கள். பத்து நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து பீரோக்களைக் குடைந்தேன். ஹாஸ்டல் மாணவர்கள் அந்தக் காலத்தில் கையாலேயே எழுதி நடத்திய பத்திரிகை ஒன்று கிடைத்தது. அதில் ஒரு ஆட்டத்தைப் பற்றி விவரமாக எழுதியிருந்தார்கள். அன்று நாங்கள்தான் தோற்றிருக்கிறோம். எதிரணியில் லால்குடிக்காரர் ஒருவர், வெறுங்காலோடு ஆடி இரண்டு கோல் போட்டிருக்கிறார். நூறு வருடம் கழித்துப் படித்த எனக்கே கைதட்டத் தோன்றியது.

அதற்குக் கீழே நாலு வரி. ‘ஹாஸ்டல் வழக்கத்தை அனுசரித்து லால்குடிக்காரருக்கு மட்டும் கிணற்றடியில் இலை போடப்பட்டது. அவர் உண்ணாமலே சென்றுவிட்டார். விருந்து இனிதே நடைபெற்றது.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாதி பார்த்து ஒரு மனிதரை வெளியே உட்கார வைத்ததும் இல்லாமல், இனிதே நடைபெற்றதாம். எழுதியவன் கை கூசவில்லையா?

அந்தப் பக்கத்தை அப்படியே பெரிதாக்கிப் பலகையில் ஒட்டினேன். கண்காட்சிக்குப் பொறுப்பான பேராசிரியர் வந்து படித்தார். “நல்ல நாளும் அதுவுமா இதை எதுக்கு மேடம் கிளறணும்? அவங்க காலேஜ்லேர்ந்து எல்லாரும் வராங்க. அந்த நாலு வரியை மட்டும் மறைச்சுடுங்க” என்றார். நான் வாதாடினேன். இல்லை, வாதாடியதாக நினைத்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் வெள்ளைத் தாளை வெட்டி, கோந்து தடவி, என் கையாலேயே மேலே ஒட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று சொன்னால் தப்பில்லை.

போட்டியன்று காலை, என் வயதை ஒத்த ஒரு பெண் அந்தப் பலகை முன்னால் வெகு நேரம் நின்றார். எதிரணியில் அவர் மகன் ஆடுகிறானாம். ஆட்டக்காரர் பட்டியலில் ஒரு பெயர்மேல் விரலை வைத்து, “இவரு எங்க அப்பாவோட தாத்தாங்க” என்றார். அதே லால்குடிக்காரரின் பெயர்.

“இங்க என்னங்க, வெள்ளையா ஒட்டியிருக்கு?”

“அது பிரிண்ட் சரியா விழலைங்க” என்றேன். ஐம்பத்தாறு வயதில் கூசாமல் ஒரு பொய்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “இங்க ஜெயிச்சுட்டு, விருந்தை வேண்டாம்னு உதறிட்டு, லால்குடி வரைக்கும் பசியோட நடந்தே வந்தாராம். ஏன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டாராம். அவ்வளவு திமிருன்னு பேரு. இப்பவும் எங்க வீட்டுல யாராவது சாப்பாட்டுல கோவிச்சுக்கிட்டா, கெளம்பு, லால்குடிக்கு நடன்னுதான் சொல்லுவோம்.”

அவமானப்படுத்தியது எங்கள் ஹாஸ்டல். திமிர் பிடித்தவர் என்ற பெயர் அவருக்கு, அதுவும் சொந்த வீட்டிலேயே, நாலு தலைமுறையாக. அவரைக் காப்பாற்ற இருந்தது அந்த நாலு வரிதான். அதன்மேல் கோந்து தடவியவள் நான்.

நகத்தால் அந்தத் தாளைச் சுரண்டி எடுத்தேன். பாதி கிழிந்துதான் வந்தது. ஆனால் எழுத்து தெரிந்தது. அவர் படித்தார். மறுபடி படித்தார். பிறகு செல்போனில் அப்பாவைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். “கிணத்தடியிலப்பா” என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். நான் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை உதறவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

பேராசிரியர் ஓடி வந்து, “என்ன மேடம் இது?” என்றார். “உங்களுக்குத் தர்மசங்கடம். அவங்களுக்கு நூறு வருஷ அவப்பேரு சார்” என்றேன்.

மதியம் ஹாலில் இலை போட்டார்கள். அந்த அம்மா மகனை அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். “அவன் நடு வரிசையில உக்காந்து சாப்பிடட்டும். ஆனா அந்தப் பலகை இங்க வாசல்ல இருக்கணுங்க” என்றார். நானும் அவருமாகப் பலகையை ஆளுக்கொரு முனையில் பிடித்துத் தூக்கி வந்து, சாப்பாட்டு ஹால் வாசலில் சாத்தினோம். படிக்காமல் யாரும் உள்ளே போக முடியவில்லை.

கல்லூரிச் செய்தி மடலை இன்றும் நான்தான் தொகுக்கிறேன். ‘விழா இனிதே நடைபெற்றது’ என்று யார் எழுதிக் கொண்டுவந்தாலும், அன்று சாப்பிடாமல் போனவர் யார் என்று கேட்காமல் அதை நான் அச்சுக்கு அனுப்புவதில்லை.