குறுக்குப் பாதையை அடைத்தபோது

நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த ஆண்டில் என் வீட்டுக்காரருக்கு ஓர் ஆரஞ்சு நிற மேல்சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள்.

அதுவரை அவர் தோட்டத்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். கொழுந்து மூட்டைகளை மலைச் சரிவுகளிலிருந்து ஆலைக்கு ஏற்றிப் போவது வேலை. யாரிடமும் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூட, திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு என்னை அனுப்புகிற மனிதர். அந்தக் குணத்துக்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கட்டுப்பாடு வந்த புதிதில் எங்களுக்குப் பெரிய பயம் இல்லை. பாதி ஆட்களை வைத்து வேலை நடந்தது. மலைமேல் நமக்கு என்ன வந்துவிடும் என்று இருந்தோம். பிறகு, கீழே லெம்பா பெர்த்தாம் ஊரில் யாருக்கோ தொற்று என்று ஒரு பேச்சு வந்தது. உண்மையா என்று யாருக்கும் தெரியாது. அதே வாரத்தில், கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கப்போகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு, சிப்பாய்கள் காவல் நிற்கும் படங்கள் எல்லார் கைப்பேசியிலும் ஓடின.

தோட்டத்து ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் கிராணி எங்களைக் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டார். தள்ளித் தள்ளி நின்றோம். முகக்கவசத்தால் அவர் கண்ணாடியில் ஆவி படிந்து படிந்து, பேசுவதைவிடத் துடைப்பதே அதிகமாக இருந்தது.

"ஒரு கேஸ் வந்தாலும் லயத்தச் சுத்திக் கம்பி போட்டுருவாங்க. அப்புறம் வேலையும் கெடையாது, வெளிய போறதும் கெடையாது. துரை என்னா சொல்றாருன்னா, நாமளே கட்டுப்பாடா இருந்துக்கிட்டா நல்லது. எப்பிடிச் செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஆபீசில் வைக்கலாம் என்றார் ஒருவர். "ராத்திரி ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா சாவியத் தேடிக்கிட்டு இருப்பீங்களா?" என்று ஒரு பெண் கேட்டதும் அது அடங்கிவிட்டது. இன்னொருவர், வெளியே போகிறவர்களைப் படம் பிடித்துப் போலீசுக்கு அனுப்பலாம் என்றார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள் எங்கள் லயம்; ஒரு வீட்டில் இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும். அப்படியிருக்க, யார் யாரைப் படம் பிடிப்பது, பிடித்த பிறகு எந்த முகத்தோடு குழாயடியில் நிற்பது?

கடைசியில், சாலையில் ஒரு கயிறு கட்டி ஓர் ஆளை நிறுத்துவது என்று முடிவாயிற்று. "யாரோடயும் சண்ட போடாத ஆளா இருக்கணும்லா" என்றார் கிராணி. எல்லாரும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. மறுநாளே மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, கயிற்றுப் பக்கத்தில் போய் நின்றார். மீன் வேனை வெளியிலேயே நிறுத்தினார். அனுமதிப் பத்திரம் காட்டாத வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். நன்றாகத்தான் செய்தார். சாப்பிட வரும்போதும் விசில் கழுத்திலேயே தொங்கியது.

தோட்டத்துக்குப் பின்னால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே தானா ராத்தா டவுனுக்கு இறங்கும் ஒரு குறுக்குப் பாதை உண்டு. யாரோ அந்த வழியாகப் போய்வருகிறார்கள் என்று அவர் கண்டுபிடித்தார். ஈர மண்ணில் புதுக் காலடிகள் இருந்தனவாம்.

ஒருநாள் காலை நான் அந்தப் பாதைக்கு மேலே உள்ள சரிவில் கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தேன். பனி விலகிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டு அக்கா, கையில் தூக்குச்சட்டியோடு பாதையில் இறங்குவதைப் பார்த்தேன். அன்று அவருக்கு வேலை முறை இல்லை. கீழே செடிகளுக்கு நடுவிலிருந்து ஆரஞ்சு மேல்சட்டை எழுந்தது. விசில் ஊதினார். எதிர் மலைவரை கேட்டிருக்கும். சரிவில் இருந்த எல்லாக் கத்தரிகளும் நின்றன.

"தம்பி, நாந்தான்" என்றார் அக்கா.

"யாரா இருந்தாலும் சரி. திரும்பிப் போங்க!"

"கொஞ்சம் கேளு தம்பி…"

அவர் கேட்கவில்லை. மறுபடியும் விசிலை ஊதினார். அக்கா திரும்பி, எங்கள் எல்லாரையும் கடந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஏறிப் போனார். பூண்டுக் குழம்பு வாசனை அவரோடு போயிற்று.

பூண்டுக் குழம்பு எதற்கென்று பெண்களான எங்களுக்குத் தெரியும். அவருடைய மகள் தானா ராத்தாவில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தாள். பிரசவமாகிச் சில நாள்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லை மூடிவிட்டதால் பிள்ளையைப் பார்க்கக்கூட வர முடியவில்லை. அக்காதான் தினமும் இறங்கிப் போய், பத்தியச் சோறு கொடுத்து, பச்சைப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "அக்கா எங்க போறாங்கன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "கேட்டிருந்தா விட்டிருப்பேன். அதான் கேக்கல" என்றார்.

"அப்ப நாளைக்கு விட்டுருங்க."

"அவங்கள விட்டா, அடுத்து சிகரெட் வாங்கப் போறவன் வந்து நிப்பான். அவனுக்கு என்னா பதில் சொல்றது?"

"பிள்ளப் பெத்தவளும் சிகரெட்டும் ஒன்னாங்க?"

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். மறுநாள் கவாத்து வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் கிளைகளை இழுத்து வந்து பாதையை அடைத்தார். நான் அவரோடு பேசவில்லை. அக்கா வீட்டுக் கதவு திறக்கவில்லை. அந்தப் பெண் மாடியில் தனியாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறாளோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே சமயம், அவர் செய்தது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. எங்கள் லயத்தில் நுரையீரல் கெட்டவர்கள் இருந்தார்கள், சர்க்கரைக்காரர்கள் இருந்தார்கள். நோய் வந்தால் முதலில் அவர்களைத்தான் பிடிக்கும்.

மதியம் அவரே கிராணியிடம் போயிருக்கிறார். மாலையில் மறுபடியும் எங்களைக் கோயில் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அக்கா மகளையும் கொழந்தையையும் இங்க கூட்டிட்டு வந்துருவோம். கடைசி வீடு காலியாத்தான் இருக்கு" என்றார்.

"நேத்து விசில் அடிச்ச. இன்னைக்கு நீயே வெளி ஆளக் கூட்டிட்டு வர்றியா?" என்று ஒருவர் கத்தினார்.

"தெனம் போய் வந்தா தெனம் பயம். ஒரு தடவ வந்து கதவச் சாத்திக்கிட்டா ரெண்டு வாரத்துல பயம் தீந்துரும்" என்றார். "வழிய நான் அடைச்சிட்டேன். இப்ப அந்தக் கொழந்தைக்கு யாரு தண்ணி ஊத்துறது? சொல்லுங்க."

கத்தியவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கிராணி போலீஸ் நிலையத்தில் பேசி அனுமதிக் கடிதம் வாங்கினார். கடைசி வீட்டை நானும் அக்காவும் கழுவினோம். அக்கா என்னோடு பேசினார். கதவருகே கட்டில் தூக்கி வந்து வைத்த என் வீட்டுக்காரரோடு பேசவில்லை. அவர்தான் தோட்டத்து வேனை ஓட்டிப்போய்த் தாயையும் பிள்ளையையும் கூட்டி வந்தார். அவர்களோடு அக்காவும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த இரண்டு வாரமும் முறைபோட்டுச் சமைத்து வாசற்படியில் வைத்தோம். காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடும் புகை அந்த ஜன்னலிலிருந்து வரும். பிள்ளை அழுதால் லயமே காது கொடுத்துக் கேட்கும். எதிர்த்துப் பேசியவர் வீட்டிலிருந்துதான் தாய்க்குப் பால் ஊற முதல் சுறாக் கருவாடு வந்தது.

சோதனையில் மூவருக்கும் ஒன்றுமில்லை. எங்கள் லயத்துக்குக் கம்பி வரவேயில்லை. கயிறு கட்டியதாலா, குருட்டு அதிர்ஷ்டமா, எனக்குத் தெரியாது. எங்களைவிடக் கவனமாக இருந்த இடங்களிலும் நோய் புகுந்தது என்று கேள்விப்பட்டேன். கட்டுப்பாட்டை இன்னும் இறுக்க வேண்டும் என்று டிவியில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம், அவர்கள் சொல்வது சரிதான் என்று தோன்றும். கூடவே, அந்தக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறவன் யார், அவன் எத்தனை பேரின் கதையைக் கேட்காமல் காதை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் தோன்றும்.

எல்லை திறந்தபின் மாப்பிள்ளை வந்து மனைவியையும் பிள்ளையையும் கூட்டிப்போனார். ஆனால் அக்கா என் வீட்டுக்காரரோடு பேசவில்லை. "கூட்டிட்டு வந்தது பெரிய விசயந்தான், நான் இல்லேங்கல" என்றார் என்னிடம். "ஆனா எல்லாரும் பாக்க, நாயக் கூப்புடுற மாதிரி விசில் அடிச்சாரு. அது போக மாட்டேங்குதும்மா."

இதை நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரிதான்" என்றார். மன்னிப்புக் கேட்கப் போகவும் இல்லை, தன் பக்கத்து நியாயம் பேசவும் இல்லை. மறுபடி லோரிக்குத் திரும்பிவிட்டார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவர் நனைந்த தலையோடு வீட்டுக்கு வந்தார். அக்கா பிரிஞ்சாங் சந்தையிலிருந்து பையோடு மழையில் நடந்து வந்ததைப் பார்த்து லோரியை நிறுத்தினாராம். இறங்கிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாராம்.

"பேசுனாங்களா?" என்று கேட்டேன்.

"பேசல" என்றார், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே. "ஏறி உக்காந்துக்கிட்டாங்க."